உப்புக்காற்றில் நின்ற மாருதிக்கு வெள்ளை அடித்த கதை

போன வருஷம் தை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டிரைவர் பக்கத்துக் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் லேசாக உப்பியிருந்ததைப் பார்த்தேன். கொசு கடித்த தடிப்பு அளவுதான் இருக்கும். நகத்தால் நிமிண்டினேன். பொருக்கு பெயர்ந்து, உள்ளே இருந்து ஈரச் செம்மண் மாதிரி துரு கொட்டியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். அழுத்தம் எதுவும் தேவைப்படவில்லை, அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு விரல் அகலத்துக்குத் தகடே இல்லை. அத்தனை நாளும் அந்த இடத்தைப் பெயின்ட் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கார் 1999-ம் வருஷத்து மாருதி 800. வெள்ளை நிறம், டி.என். 69 பதிவு. அப்பா தூத்துக்குடியில் ஒரு உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதினார். உப்பளத்துக்கும் குடோனுக்கும் அவர் இந்தக் காரில்தான் போய்வருவார். பாத்தி ஓரமாகப் போகிற மண் ரோடு. உப்பு வாரும் மாதங்களில் ரோடே வெள்ளையாகக் கிடக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஓடிய வண்டியில் துரு என்ற பேச்சே வந்ததில்லை. அப்பா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் காரைத் தெருவில் நிறுத்தி, ஓஸ் பிடித்து, சக்கரத்துக்கு மேலே உள்ள குழிவு, கதவுக்கு அடி, பம்பருக்குப் பின்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகக் குனிந்து குனிந்து கழுவுவார். அதுவும் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரில். தண்ணீர் வருகிற நாளில் அதற்கென்று ஒரு டிரம் பிடித்து வைப்பார். "குடிக்கிற தண்ணியக் கொண்டுபோய்க் காருக்கு ஊத்துதாரு" என்று அம்மா வாராவாரம் சண்டை போடுவாள்.

2021-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கார் கழுவ ஒரு பையனுக்கு மாசச் சம்பளம் கொடுத்தேன். அவன் மோட்டார் போட்டு போர் தண்ணீரில் கழுவினான். எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கழுவுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷத்துக்கு மேலாகக் காருக்கு உப்புத்தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். இது எனக்குப் புரிந்ததே கதவில் ஓட்டை விழுந்து ஒரு மாசம் கழித்துத்தான்.

பட்டறைகளில் விசாரித்தேன். ஒரு இடத்தில் டிங்கரிங், பள்ளத்தை நிரப்புகிற பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் சொன்னார்கள். காரை விற்றால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். இன்னொரு இடத்தில் 12,000-க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். துரு மேலேயே பட்டி வைத்து இழுத்துவிடுவது. அது வேண்டாம் என்று தோன்றியது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் துருவும் இருந்தால் ஒரு மழைக்காலம் தாண்டாது.

ஸ்பிரே கேனில் நாமே அடிக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. வெல்டிங் மட்டும் என்னால் முடியாது. மற்றது எல்லாம் கையும் பொறுமையும் கேட்கிற வேலைகள்தான். நான் கிளியரிங் ஏஜென்ஸி ஆபீஸில் வேலை பார்க்கிறேன், ஞாயிறும் சில சனிக்கிழமைகளும் என் கையில் இருக்கும். தை கடைசியில் தொடங்கி வைகாசி வரை ஆனது.

முதலில் செய்தது கதவுகளைக் கழற்றாமலே உள்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்ததுதான். கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியே போக ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். என் காரில் நாலு கதவிலும் அந்தத் துளைகள் மண்ணும் உப்பும் சேர்ந்து கெட்டித்து அடைத்துக் கிடந்தன. தண்ணீர் தேங்கி, தகடு உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. வெளியே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. பழைய கார் வைத்திருக்கிற யாரும் வேறு எதையும் செய்ய வேண்டாம், இன்றைக்கே ஒரு கம்பியை எடுத்து அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள்.

டிரைவர் பக்கத்துக் கதவின் அடிக்கும், பின்சக்கரத்துக்கு முன்னால் ரன்னிங் போர்டில் ஒரு இடத்துக்கும் தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டியிருந்தது. டிங்கர் ஒருவர் ஒரு நாளில் முடித்துக் கொடுத்தார், 3,500 ரூபாய். நல்ல வேலை. வெல்டு வைத்த இடத்துக்கு உள்பக்கமும் பிரைமர் போக வேண்டும் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

எங்கள் தெரு முனையில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். தோணிக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தூத்துக்குடியில் இருந்து மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற மரத்தோணிகள்; அவை கரையில் ஏறி நிற்கும்போது இவருக்கு வேலை. நான் உப்புத்தாளை வைத்துக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, கழுவியாச்சா?"

"கழுவிட்டேன் அண்ணாச்சி. சோப்பு போட்டே கழுவினேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்மடிப்பில் விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். அந்த விரலை நாக்கில் வைத்தார். "கரிக்குது" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானும் விரலை விட்டுப் பார்த்தேன். கரித்தது. நன்றாகவே கரித்தது.

"எந்தத் தண்ணியில கழுவுன?"

"போர் தண்ணிதான்."

"மரத்துக்கே உப்பு ஆகாது, இரும்புக்கு ஆகுமா? உப்பு மேல பெயின்ட் அடிச்சா அது உள்ளேயே உக்காந்து தண்ணியக் குடிச்சு பொங்கிரும். நல்ல தண்ணியா ஊத்தி, கரிக்காம ஆகுத வரைக்கும் கழுவு. பொறவு தேய்க்கலாம்."

அப்பாவின் டிரம் ஞாபகத்துக்கு வந்தது அந்த இடத்தில்தான். வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்கு மேலே கவிழ்த்துக் கிடந்தது. எடுத்துத் தேய்த்து வைத்து, தண்ணீர் விட்ட நாளில் நிரப்பினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி சொன்னதில் இருக்கிற விஷயத்தைப் பிறகு யோசித்துப் பார்த்தேன். பெயின்ட் கண்ணுக்கு மூடியதுபோல் இருந்தாலும் ஈரத்தை மிக மெதுவாக உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்ந்து பெயின்ட்டை மேலே தூக்கும். அந்தத் தண்ணீருக்குள் இருக்கிற இரும்பு துருப்பிடிக்கும். கொப்புளம் என்பது அதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்ட் ஆனாலும் இது நடக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை கழுவினேன். மூன்றாவது வாரம் அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். நாலு மடிப்பிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ம், இப்ப தேயி" என்றார்.

தேய்ப்புதான் இந்த வேலையில் பெரும்பகுதி. காரில் இருக்கிற பெயின்ட்டை எல்லாம் தகடு வரை உரிக்க வேண்டியதில்லை. கம்பெனியில் அடித்த அடிப்பூச்சு நாம் அடிக்கப்போகிற எதையும்விட உறுதியானது, அது கெடாத இடத்தில் அதை விட்டுவிட வேண்டும். துரு உள்ள இடத்தில் மட்டும் 80 நம்பர் உப்புத்தாளில் வெள்ளித் தகடு தெரிகிறவரை. குழிக்குள் ஒட்டியிருக்கிற கறுப்புப் புள்ளிகளுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மருந்து. பிறகு 180, 320 என்று வெளியே வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். பழைய பெயின்ட்டின் விளிம்பு படிபோல் நிற்கக் கூடாது. கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம். கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவினால் தலைமுடி கனத்துப் படிகூட தட்டுப்படும். நன்றாகத் தேய்த்த விளிம்பில் வெள்ளை, சாம்பல், தகடு என்று மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகள் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு வேலை நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாளை வெறும் கையால் பிடித்துத் தேய்த்தால் விரல்கள் பதிகிற இடம் மட்டும் பள்ளமாகும். பெயின்ட் பட்டறைகளில் ஹவாய் செருப்பை வெட்டி அதைச் சுற்றித் தாளை வைத்துத் தேய்ப்பார்கள். நானும் அதையே செய்தேன். கடையில் விற்கிற ரப்பர் கட்டையைவிட இது வளைவுகளில் நன்றாகப் படிகிறது.

பட்டி கலக்கும்போது எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு பட்டாணி அளவு. எங்கள் ஊர் வெயிலுக்கு நாலைந்து நிமிஷத்தில் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது.

பிரைமருக்கு மேலே நான் கற்றுக்கொண்ட ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிரைமர் காய்ந்ததும், ஒரு கறுப்பு ஸ்பிரே கேனை இரண்டடி தூரத்தில் பிடித்து, எள்ளைத் தூவுகிற மாதிரி லேசாகப் புகைத்துவிட வேண்டும். பிறகு செருப்புக் கட்டையில் 400 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் மேடாக இருக்கிற இடத்தில் கறுப்பு உடனே போய்விடும், பள்ளத்தில் மட்டும் நிற்கும். கதவு நேராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேய்த்துப் பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவு கறுப்பு ஒரு குளம்போல் நின்றது. எப்போதோ மாடு முட்டிய இடம் அது. 25 வருஷத்தில் யாரும் பார்க்காத பள்ளம்.

இதற்கிடையில் ஒரு தப்பு செய்தேன். மாசியில் ஒரு ஞாயிறு பானெட் முழுக்கத் தேய்த்து, துருப்பட்ட இடங்களில் தகடு தெரிய எடுத்து, சாயந்தரத்துக்குள் பிரைமர் அடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக, பார்க்கவே அழகாக இருந்தது. அடுத்த வாரம் ஆபீஸில் நெருக்கடி. அதற்கடுத்த வாரம் கல்யாணம். பிரைமர்தான் அடித்துவிட்டோமே என்று சும்மா விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் துணியை விலக்கினால் சாம்பலுக்கு நடுவே டீ தெளித்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். துரு. கேனில் வருகிற பிரைமர் பஞ்சு மாதிரி, ஈரத்தைத் தடுக்காது. மேலே பெயின்ட் பிடிக்கிறதற்காக அடிக்கிற பூச்சு அது. கடலுக்கு இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற வீட்டில் அதை நம்பி 3 வாரம் விட்டது என் தவறு. முழு பானெட்டையும் மறுபடி தகடு வரை எடுத்தேன். அன்றைக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்தப் பாகத்துக்கு அதே நாளில் பிரைமரும் நிறமும் அடிக்க முடியுமோ அந்தப் பாகத்தை மட்டும்தான் அன்றைக்குத் தகடு தெரியத் தேய்ப்பது.

நிறத்தைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அக்கா மகனுக்கு ராணுவ ஜீப் மாதிரி ஆலிவ் பச்சை வேண்டும். அது சட்டப்படி முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 121-வது விதி, ராணுவத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறம் என்றாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் சொல்லி ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். அதே வெள்ளையை அடித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. எனக்கும் வெள்ளைதான் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் ஆர்.சி. கிடையாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் வெள்ளை என்று ஒரு வெள்ளை கிடையாது. மாருதியின் வெள்ளைக்கு சுப்பீரியர் ஒயிட் என்று பெயர், 26யூ என்று குறியீடு. பெயின்ட் கடையில் அந்தக் குறியீட்டைச் சொல்லிக் கலக்கச் சொல்லி கேனில் அடைத்து வாங்கினேன். வந்து ஒரு அட்டையில் அடித்துக் கதவின் பக்கத்தில் பிடித்தால் நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது, கார் மோர் நிறத்தில் இருந்தது. கடைக்காரர் தப்பாகக் கலந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு பெட்ரோல் மூடியின் வெளித்தகட்டைத் திறந்து அதன் உள்பக்கத்தில் அட்டையை வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. வெயில் படாத அந்த இடத்தில் 1999-ம் வருஷத்து வெள்ளை அப்படியே இருந்திருக்கிறது, மாறியது கார்தான். கதவுகளுக்கு மட்டும் அடித்து நிறுத்திவிடலாம் என்ற யோசனையை அன்றைக்குக் கைவிட்டேன். அடித்தால் முழுக்க அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். அந்தப் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தை மட்டும் இன்றுவரை தொடவில்லை.

அடிப்பதற்கு நேரம் பார்ப்பது இந்த ஊரில் தனி வேலை. விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழும்பி உப்பையும் மண்ணையும் கொண்டுவரும். ஆக எட்டிலிருந்து பத்தரை வரைதான் நமக்கு. ஷெட்டின் மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்தி, தினசரித் தாளை இரண்டு மடிப்பாக மடித்துக் கண்ணாடிகளை மூடினேன். கண்ணாடி ரப்பரின் உதட்டுக்கு அடியில் மெல்லிய நைலான் கயிறைச் சுற்றிச் செருகிவிட்டால் ரப்பர் தூக்கிக்கொண்டு நிற்கும், பெயின்ட் அதற்கு அடிவரை போகும். டேப்பை ரப்பர் மேல் ஒட்டி அடித்தால் அந்த ஓரத்தில்தான் பின்னால் உரியத் தொடங்கும். கயிறு அண்ணாச்சி கொடுத்தது.

கார்பன் வடிகட்டி வைத்த மாஸ்க் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. துணி மாஸ்க் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சுக்குக் கிளியர் கோட் என்று பெயர். அதில் ஹார்டனர் சேர்ந்து வருகிற டூ கே கேன்களும் கிடைக்கின்றன. அடியில் உள்ள குமிழை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் உடைந்து கலக்கும். பெட்ரோல் பட்டாலும் கரையாத, நல்ல உறுதியான பூச்சு அது. ஆனால் அந்த ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழாய்க்கு மிகக் கெடுதல், ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிற வீட்டில், தெருவில் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் நான் அதை அடிக்கமாட்டேன். சாதாரண அக்ரிலிக் கிளியரே போதும் என்று முடிவெடுத்தேன். அதற்குக் கொடுக்கிற விலை, பெட்ரோல் போடும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். துடைக்கிறேன்.

கேனைக் குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் விடாமல் குலுக்க வேண்டும். ஒரு சாண் தூரம், அதற்குக் கொஞ்சம் கூட. பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, நேராக இழுத்து, வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். மணிக்கட்டை வளைத்து விசிறி மாதிரி ஆட்டினால் நடுவில் வழியும், ஓரத்தில் பொரிபொரியாக இருக்கும். முதல் பூச்சு முழுக்க மூடக் கூடாது. அடியில் சாம்பல் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு அடுத்தது. நாலாவது பூச்சில்தான் வெள்ளை வெள்ளையாக ஆகும். அதுவரை கையைக் கட்டிவைப்பதுதான் கஷ்டம்.

அடிக்க அடிக்கக் கேன் கையில் குளிர்ந்துகொண்டே போகும். அழுத்தம் குறைந்து, பூச்சாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று துப்பத் தொடங்கும். இரண்டாவது கதவில் இது எனக்கு நடந்தது. நடுவில் நாலைந்து பெரிய சொட்டு. அதிலிருந்து இரண்டு கேன்களை மாற்றி மாற்றி எடுத்தேன். ஒன்று அடிக்கும்போது மற்றது நிழலில் இளஞ்சூட்டுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் கேனின் மூக்கில் சேர்கிற சொட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விசைப்பிடி ஒன்று கிடைக்கிறது, துப்பாக்கி மாதிரி கேனில் மாட்டிக்கொள்ளலாம். அது இல்லாமல் ஆள்காட்டி விரலால் 20 கேன் அழுத்த முடியாது.

டிக்கியில் வேறொரு சோதனை வந்தது. அடித்த உடனே பெயின்ட் வட்டம் வட்டமாக விலகி, நடுவில் பிரைமர் தெரிந்தது, மீன் கண் மாதிரி. எப்போதோ போட்ட பாலிஷில் இருந்த சிலிக்கான் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். தண்ணீர் விரிந்து படலமாக இறங்கினால் சுத்தம். தாமரை இலை மேல் மாதிரி முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும்.

கூரைதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இரண்டு ஸ்டூல் போட்டு, ஒரு பக்கமிருந்து நடுவரை, ஓடிப்போய் மறுபக்கமிருந்து நடுவரை. நடுக்கோட்டில் ஈரம் காய்வதற்குள் இரண்டும் சேர வேண்டும். முதல் தடவை சேரவில்லை. நடுவில் தூள் படிந்து கைக்குச் சொரசொரப்பாக ஒரு பட்டை நின்றது. இரண்டாவது தடவை அக்கா மகனை மறுபக்கம் நிறுத்தி, நான் ஒன்று இரண்டு என்று எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் அடித்தோம். பச்சைக்காக ஒரு மாசம் முறைத்துக்கொண்டிருந்த பையன், அன்றைக்கு முழுப் பொறுப்பாக நின்றான். கூரை நன்றாக வந்தது. அம்மா திண்ணையிலிருந்து, "ஏட்டி, பத்தரை ஆச்சு, காத்து வருது பாரு" என்று குரல் கொடுத்தாள். சரியாகத்தான் சொன்னாள். அடுத்த கால் மணியில் தார்ப்பாய் படபடக்கத் தொடங்கிவிட்டது.

கிளியர் கோட் முடித்து இரண்டு வாரம் தொடாமல் விட்டேன். கை வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், நகம் பதியும். பிறகு 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர். அதற்குப் பிறகு ரப்பிங் காம்பவுண்ட். ஓரங்களில் பூச்சு மெல்லிசாக இருக்கும் என்பதால் எல்லா விளிம்பிலும் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்த்தேன். தண்ணீரில் தேய்க்கும்போது பளபளப்பு எல்லாம் போய் கார் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆகிவிடும். மனசு பதறும். காம்பவுண்ட் போட்டுத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஓரிடத்தில் துடைத்துப் பார்த்தபோது பானெட்டில் எதிர்வீட்டு முருங்கைமரம் தெரிந்தது. இலை இலையாகத் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். மரம் என்று தெரிந்தது. எனக்கு அது போதும்.

செலவு: நிறம் 20 கேன், பிரைமர் 8, கிளியர் 12, இவை மட்டும் சுமார் 17,000 ரூபாய். தாள், பட்டி, டேப், மாஸ்க், துரு மருந்து, காம்பவுண்ட் எல்லாம் 4,500. வெல்டிங் 3,500. மொத்தம் 25,000. பட்டறையில் கேட்டதைவிட 17,000 குறைவு, ஆனால் நாலு மாசத்து ஞாயிறுகள். பணம் மிச்சப்படுத்த மட்டும் என்றால் ஸ்பிரே கேனில் முழுக் காரையும் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு கதவு, ஒரு மட்கார்ட் என்றால் தாராளமாக அடிக்கலாம். முழுக் கார் என்றால் வாடகைக்குக் கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் எடுப்பது மேல். பட்டறையில் அடித்த பூச்சின் கெட்டித்தன்மை இதற்கு வராது, அதையும் தெரிந்தே அடிக்க வேண்டும். நான் அடித்தது வேறு காரணத்துக்கு. காரின் ஒவ்வொரு மடிப்பிலும் எங்கே உப்பு தங்கும், எங்கே தண்ணீர் தேங்கும் என்று என் விரலுக்கு இப்போது தெரியும். பட்டறையில் விட்டிருந்தால் வெள்ளையாகக் கார் திரும்பி வந்திருக்கும், நான் மறுபடி போர் தண்ணீரில் கழுவச் சொல்லியிருப்பேன்.

டிரம் இப்போது வாசலில் நிற்கிறது. தண்ணீர் விடுகிற நாளில் நிரப்புகிறேன். அம்மா சண்டை போடுவதில்லை, குழாயைத் திறந்துவிடுவதே அவள்தான்.

ஐப்பசியில் முதல் மழை ராத்திரி பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு போய், டார்ச் அடித்து, டிரைவர் பக்கத்துக் கதவுக்கு அடியில் குத்தவைத்துப் பார்த்தேன். மூன்று துளையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தேன். கரிக்கவில்லை.